நாற்பதாயிரத்தை முப்பதாயிரத்தால் பெருக்கியபோது

மச்சாளின் மடிக்கணினியில் என் மென்பொருள் மூன்றாவது தடவையாகத் தானாகவே மூடிக்கொண்ட அந்தப் பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி. நயினாதீவில் பிறந்து, கரம்பொன்னில் எங்கள் வீட்டுக்கு வாழவந்தவர். பழைய காணி வரைபடங்களை ஸ்கான் செய்து கணினியில் சேர்ப்பது அவர் வேலை. அந்தப் படங்களைத் திறக்கும் மென்பொருளை எழுதியவன் நான். வீட்டிலிருந்தே எழுதி நாலைந்து நாட்டவர்களுக்குக் கொடுத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஸ்கான்தான் பழுது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் ஒரு தாளில் பென்சிலால் பெருக்கிக்கொண்டிருந்தார். படத்தின் அகலம் நாற்பதாயிரம் புள்ளிகள், உயரம் முப்பதாயிரம். புள்ளிக்கு நான்கு பைட். மொத்தம் நானூற்றெண்பது கோடி.

“உம்மட புரோகிராம் இவ்வளவு பெரிய எண்ணைத் தாங்குமோ?” என்று கேட்டார்.

தாங்காது. நான் எண்ணுக்கு ஒதுக்கிய இடத்தில் நானூற்று இருபத்தொன்பது கோடி சொச்சம்தான் கொள்ளும். அதைத் தாண்டினால், மோட்டார் சைக்கிளின் கிலோமீற்றர் எண்கள் எல்லாம் ஒன்பதாகிப் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்குவதுபோல, மிச்சம் மட்டுமே நிற்கும். அப்படி நின்ற ஐம்பது கோடியை நம்பி, அந்த அளவு நினைவகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, முழுப் படத்தையும் அதற்குள் கொட்டியிருக்கிறது மென்பொருள். கொள்ளாதது வெளியே வழிந்து பக்கத்தில் இருந்ததை அழித்திருக்கிறது. யாரோ ஒருவர் வேண்டுமென்றே இப்படியான அளவுகளோடு ஒரு படத்தைச் செய்து அனுப்பினால், வழிகிற இடத்தில் தன் கட்டளைகளை வைத்து, திறப்பவரின் கணினியையே பிடித்துவிடலாம். அது விளங்கியதும் என் கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் திருத்திவிட்டேன். காரணம் சொல்லாமல் புதிய பதிப்பை வெளியிட்டுவிடுவோம், பெயர் கெட்டால் வேலையே போய்விடும் என்றேன். மச்சாள் குரலை உயர்த்தவில்லை.

“பழசை வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது? நீர் எழுதும். நான் பக்கத்திலை இருக்கிறன்.”

மென்பொருளை வாங்கிய எல்லோருக்கும் கடிதம் எழுதினேன்; பிழை என்னுடையது என்பதுதான் முதல் வரி. அதை அனுப்பும்வரை அவர் எழும்பவில்லை. இரண்டு பேர் என்னை விட்டுப் போனார்கள். மற்றவர்கள் பழையதை அழித்துப் புதியதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் நன்றிகூட எழுதியிருந்தார்.

இப்போது மச்சாளும் அண்ணாவும் வெளிநாட்டில். எல்லையைச் சரிபார்க்காமல் நான் எதையும் பெருக்குவதில்லை. யாராவது பிழை கண்டு எழுதினால் முன்போலக் கோபமும் வருவதில்லை; அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக இருக்கிறது.

அன்று அந்தக் கடிதங்களை அனுப்பி முடித்த பின்னேரம், வரைபடம் முதன்முறையாக முழுதாகத் திறந்தது. மச்சாள் அதைக் கீழ் மூலைவரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“ஓம், இதுதான் நயினாதீவிலை எங்கட வளவு, நான் பிறந்த வீடு. கிணறும் கிடக்கு.”

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, அங்கே சமைத்துக்கொண்டிருந்த அண்ணாவைக் கூப்பிட்டு, தன் கதிரையில் அவரை இருத்திவிட்டு, பின்னால் நின்று காட்டத் தொடங்கினார்.