ஐந்தாவது ஆள்

எந்த ஊரிலும் ஒரு சீசனுக்கு மேல் நான் தங்கியதில்லை. செல்போன் பரவத் தொடங்கிய அந்த வருஷம் தாயில்பட்டிப் பக்கம் மைக்செட்டுக்குக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கேதான் பேங்கோஸ் என்கிற இரட்டைக் கொட்டு வாசிக்கும் அந்த பேங்கோஸ்காரரைப் பார்த்தேன்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் வெள்ளிப் பவுடர் மினுங்கும். டீக்கடைக்குள் நாலு பேர் இருந்தால் நுழையமாட்டார்; வாசலில் நின்றே குடிப்பார். கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். வெடித்தால் நாலோடு போகும் என்று வைத்த விதி.

ஆனால் அவர் சேர்த்த பாட்டுக் குழுவில் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். எல்லாரும் பட்டாசு வேலைக்காரர்கள், எல்லாமே சொந்தப் பாட்டு. முதன்முதலாக ஒரு கோயில் கொடை விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வேனிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்து விழாக்காரர் மிரண்டுபோனார்.

"என்னய்யா, பந்திக்கா வந்திருக்கீக? மேடை தாங்காது. எட்டுப் பேரு ஏறுங்க, இல்லைன்னா வேற செட்டக் கூப்பிட்டுக்கிடுதேன்."

"நாள் முழுக்க எண்ணித்தான் உட்காருதோம் அண்ணாச்சி. பாடுறதுக்குமா எண்ணணும்? மேடை சும்மா கிடக்கட்டும். நாங்க தரையில நின்னுக்கிடுதோம்" என்றார் பேங்கோஸ்காரர்.

மைக்கையெல்லாம் நான் கீழே இறக்கினேன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாடினார்கள். நெரிசலின் நடுவில் நின்று அவர் வாசித்தார். விழாக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முடிந்ததும் டீக்கடைக்குப் போனோம். நாங்கள் நாலு பேர் உள்ளே உட்கார்ந்ததும் அவர் கிளாஸோடு வெளியே நடந்தார்.

"இம்புட்டு நேரம் கூட்டத்துக்குள்ளதானே மாஸ்டர் நின்னீக?" என்றேன்.

"இங்கன அடுப்பு எரியுதுல்லா" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.