திருப்பிக் கேட்ட கைதட்டல்

நான் போலீஸ் ஜீப் ஓட்டுகிறவன். சொந்த ஊர் வீரசோழன். கூடப் படித்தவன் எல்லாம் துபாய், மஸ்கட் என்று போய்ச் சேர, நான் ஒருவன் மட்டும் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் புழுதியைத் தின்றுகொண்டிருக்கிறேன். இந்த விஷயம் நடந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களும் மாற்றியவைதான்.

எங்கள் ஸ்டேஷனில் சுபத்ரா அம்மா என்று ஒரு சிறப்பு எஸ்.ஐ. மல்லாங்கிணற்றுக்காரர். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண், விருதுநகர் மைதானத்தில் ஓடி ஜெயித்து வேலைக்கு வந்தவர். அப்படி ஓடிய கால்தான், தேருக்கும் தேர்தலுக்கும் பந்தோபஸ்து நின்று நின்று பழுதாகிவிட்டது. குதிகாலைத் தரையில் ஊன்றினால் முகம் சுளிப்பார். ரிட்டயர்மெண்ட் ஒன்றைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பொம்பளை பேசினால் பிள்ளைகள் கேட்கும் என்று யாரோ மேலதிகாரிக்குத் தோன்றியதில், பள்ளிக்கூடங்களில் விழிப்புணர்வுப் பேச்சு அவர் தலையில் விழுந்தது. கஞ்சா, புகையிலை, அடிதடி, கையில் சாதிக்கயிறு எல்லாம் ஒரே பேச்சில் அடங்கும். மைக் ஊளையிடும். தலைமையாசிரியர் வாட்ச்சைப் பார்ப்பார். பின்வரிசைப் பையன்கள் தூங்குவார்கள். கடைசியில் அம்மா ஒன்று சொல்லுவார்: “ஒங்க ஊருல யாரு விக்கிறாங்கன்னு தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லுங்க. ஒங்க பேரு வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு.” உடனே கைதட்டுவார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் தட்டுகிற தட்டு அது.

அந்த ஊர்ப் பள்ளியில் மட்டும் ஒரு பிள்ளை நிஜமாகவே நம்பித் தட்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு. தங்கமாரி என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கலைந்ததும் அம்மா குழாயடியில் முகம் கழுவப் போனார். அந்தப் பிள்ளை தண்ணீர் பிடிப்பதுபோல் பக்கத்தில் போய் நின்றது. நான் தள்ளி நின்றிருந்தேன். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகும் அம்மா வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம், பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் உள்ள கடைகளைச் சோதனை போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அந்த ஊரில் பெரிய கடை ஜெயக்குமாருடையது. மளிகை, ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு. அம்மா பேசிய அன்று மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ‘போதையில்லாப் பள்ளி’ பேனர் அவர் உபயம்தான். கீழே அவர் படம் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தது.

முன்கடையை நாங்கள் அலசிவிட்டோம். ஒன்றும் இல்லை. பின்னறையில் கெட்டுப்போன ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று. அதன் மேல் இரண்டு கல்லுப்பு மூட்டைகள். ஒரு மூட்டையை இறக்கலாம் என்று நான் கையை வைத்தேன். அம்மா வந்து அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கால் முடியல சபீரு. செத்த இருப்பா.”

கடையில் சாமான் கட்டித் தரும் பொன்னுத்தாய் என்ற பெண் அறை வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெயக்குமார் ஓடிப்போய் ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். “அம்மா வெயில்ல வந்திருக்கீக, குடிங்க.” அம்மா வாங்கிக் குடித்தார். எதிரே தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கமாரி, திறந்த கதவு வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு டீக்குக்கூடக் கை நீட்டாத மனுஷி, கடைசிக் காலத்தில் ஒரு சோடாவுக்கு விலைபோனாரே என்று நினைத்தேன். கண்மாய்க்கரை தாண்டும்வரை கியரைப் போட்டு உலுக்கியபடி ஓட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

“வண்டிய ஓரங்கட்டு. சரக்கு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அடிப்பலகையக் கழட்டுனாத்தான் தெரியும்.”

“தெரிஞ்சுமா உக்காந்தீக?”

“தெரிஞ்சதுனாலதான் உக்காந்தேன். அந்தப் பலகை விஷயம் ஜெயக்குமாருக்கும் பொன்னுத்தாய்க்கும் மட்டுந்தான் தெரியும். அன்னைக்குக் குழாயடியில எனக்குச் சொன்னது பொன்னுத்தாயோட மக. நேராப் போயி பலகையக் கழட்டுனா, ஜெயக்குமாரு யாரைப் பிடிப்பான்?”

பதில் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் வேறொரு ஊரில் டீக்கடைக்காரர் ஒருவர் தகவல் சொன்னார். நாங்கள் ஜீப்பை நேராகக் கொண்டுபோய்ச் சரக்கு இருந்த வைக்கோல் படப்பின் முன்னாலேயே நிறுத்தினோம். அந்த மாசமே அவர் கையை உடைத்துவிட்டார்கள். இன்னமும் அவர் இடது கையால்தான் டீ ஆற்றுகிறார்.

“எதுக்கும்மா அந்தப் பிள்ளை சொல்லுச்சு? அவுக அம்மாவுக்கு வேலை போயிருமே?”

“தம்பி ஏழாப்பு படிக்கிறானாம். அந்தப் புகையிலைப் பொட்டலத்த உதட்டுக்குள்ள அடக்கி அடக்கி வாயெல்லாம் புண்ணு. சோறு திங்க முடியலையாம். அம்மா கட்டிக் குடுக்குற பொட்டலத்தையே மகன் வாங்கித் திங்கிறான். அம்மாவுக்குச் சொல்லத் தைரியமில்ல, மக சொல்லிட்டா.”

அந்தச் சரக்கு பிஸ்கட் லோடோடு காரியாபட்டி பக்கமிருந்து சந்தை நாளில் வருகிறது என்பதையும் அந்தப் பிள்ளை சொல்லியிருந்தது. அம்மா இன்ஸ்பெக்டரிடம் போய், தானாகவே வாகனச் சோதனை டியூட்டி கேட்டு வாங்கினார். எல்லோரும் தட்டிக் கழிக்கிற டியூட்டி அது. சந்தை நாளில் மட்டும் நின்றால் சந்தேகம் வரும் என்று எல்லா நாளும் நின்றார். கருவேல மரம்கூட நிழல் தராத ரோடு. பால் வண்டி, கல்யாண வேன், செங்கல் லாரி எதையும் விடவில்லை. கோழிக் கூண்டு ஏற்றி வந்தவனையும் இறக்கிப் பார்த்தார். ‘இந்தம்மாவுக்கு வெயிலு தலைக்கேறிருச்சு’ என்று ஜனங்கள் காதுபடவே பேசினார்கள். நான் வண்டி நிழலில் உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போது கால் வீங்கி இருக்கும்.

இரண்டு சந்தைகள் சும்மா போயின. மூன்றாவதில் லோடு ஆட்டோ வந்தது. ஓட்டுநர் பக்கத்தில் ஜெயக்குமாரே உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் பெட்டிகளுக்கு அடியில் அத்தனையும் புகையிலைப் பொட்டலம். விசாரணையில் அவர் வாயாலேயே ஐஸ்பெட்டி விஷயம் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அடிப்பலகையைக் கழற்றினோம். கடைக்குச் சீல் வைத்தார்கள்.

பத்திரிகைக்குக் கொடுக்கும் குறிப்பில் ஸ்டேஷன் ரைட்டர் வழக்கம்போல ‘ரகசியத் தகவலின் பேரில்’ என்று ஆரம்பித்திருந்தார். அம்மா அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார்.

“ஐயா, ரகசியத் தகவலுங்கிறத எடுத்துருங்க. வழக்கமான வாகனச் சோதனைன்னு போடுங்க.”

“ஏம்மா, தகவல் வாங்கிப் பிடிச்சோம்னாத்தானே ஸ்டேஷனுக்குப் பேரு? ஒங்களுக்கும் ரிவார்டுக்கு எழுதலாம். வழக்கமான சோதனைக்கு யாரு ரிவார்டு குடுப்பா?”

“வேண்டாம்யா. அந்த வார்த்த இருந்தா, யாரு சொன்னதுன்னு அவன் தேட ஆரம்பிச்சிருவான்.”

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். மறுநாள் பேப்பரில் வழக்கமான வாகனச் சோதனை என்றே வந்தது. ஜாமீனில் வந்த ஜெயக்குமார், தன் நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். சொந்தக்காரர் பெயரில் அரிசிக்கடை போட்டு, பொன்னுத்தாயையே மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாராம். இதைக் கேட்ட அன்று அம்மா, “கூப்பிட்டானா? அப்பச் சரி” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அன்றுதான்.

கொஞ்ச நாள் கழித்து அதே பள்ளியில் மறுபடியும் பேச்சு. இந்த முறை பேனர் வேறொருவர் உபயம். கூட்டம் முடிந்து அம்மா குழாயடிக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். தங்கமாரி வந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை.

“அவரு தானா மாட்டுனாரு. நாஞ் சொன்னதுக்கு நீங்க ஒண்ணும் செய்யல. மூட்ட மேல உக்காந்து சோடாதான் குடிச்சீக.”

அம்மா ஈர முகத்தோடு நின்றார். “ஆமாத்தா” என்றார்.

“அன்னைக்கு ஒங்களுக்கு மொதல்ல கைதட்டுனது நாந்தேன். அதத் திருப்பிக் குடுங்க.”

சொல்லிவிட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டது. அம்மா குழாயை மூட மறந்து நின்றார். நான்தான் மூடினேன்.

“சொல்லிருக்கலாமேம்மா” என்றேன் ஜீப்பில்.

“பச்சப் பிள்ளப்பா. தெரிஞ்சா சந்தோஷத்துல கூட்டாளிகிட்டச் சொல்லும். அது அவுக வீட்டுல சொல்லும். இப்பப் பாரு, போலீஸு ஒண்ணும் செய்யலன்னு இதுவே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியும். அது நல்லதுதான்.” ரயில்வே கேட்டில் நிற்கும்போது, “ஆனா நல்லாக் கேட்டுட்டா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

சுபத்ரா அம்மா போன வருஷம் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. பொன்னுத்தாய் குடும்பம் அந்த ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்வி. எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

இதை எழுதும்போது ஊரை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன். கடையையும் பெட்டியையும் உப்பு மூட்டையையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை கைதட்டலைத் திருப்பிக் கேட்டதை மட்டும் மாற்றவில்லை. அதைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்ன பிள்ளை எங்காவது இதைப் படித்தால், இது யார் கதை என்று அதற்குத் தெரியும்.