உயிரோடிருந்தவருக்கு ஓர் இரங்கல் கூட்டம்

இரங்கல் கூட்டத்தில் நான் அவரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது, அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். படங்கள் காட்டுவதற்காக விளக்குகளை அணைத்திருந்தோம். கதவு திறந்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ தாமதமாக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

லிஃப்ட் அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டோம். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பதினேழு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, ஐம்பத்து நான்கு வயதிலும் அதே வேலை. சட்டைப் பையில் ஒரு டார்ச், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் வருவார். ஏன் என்று கேட்டால், "சமைக்கிறவனுக்குத்தானே தெரியும் கொழம்புல என்ன விழுந்துச்சுன்னு" என்பார்.

எங்கள் மனிதநேய மன்றம் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு வாடகை அறையில் கூடும். மூன்றாவது மாடி. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, நடுவில் சின்னச் சின்ன அலுவலகங்கள். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு டீ. கடவுளைத் துணைக்குக் கூப்பிடாமல் நல்லவர்களாக வாழ முடியுமா என்பதுதான் எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓடும் கேள்வி. என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். பட்டம் கையில் இருந்தது, எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை. அப்படி அலைந்துகொண்டிருந்த நாளில் இந்த அறைக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் வந்து சேர்ந்த கதை வேறு. எட்டு வருஷத்துக்கு முன்னால், விதி என்பது பொய் என்று பேச வந்தவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அவரை வெளியே எடுத்துவிட்ட அண்ணன், வேலை முடிந்தது என்று சொல்ல மேலே வந்தவர், அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். கேள்வி நேரத்தில் எழுந்து, "விதின்னு ஒண்ணு இல்லன்னு சொல்றீங்க, சரி. ஆனா இந்த லிஃப்ட் நிக்கும்னு எனக்குப் போன மாசமே தெரியும். கதவு உருளை தேஞ்சிருச்சு, மாத்துங்கன்னேன். யாரும் கேக்கல. அதுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டிருக்கிறார். அரங்கம் சிரித்தது. அடுத்த மாதமும் வந்தார். பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

அவர் மனைவி வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிறவர். அண்ணன் அவரை வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் செய்தித்தாள் படித்துக்கொண்டு காத்திருப்பார். "வாசல் வரைக்கும் நான், உள்ள நீ. இதுதான் எங்க ஒப்பந்தம்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் அதே கூடத்தில் என்று முடிவானபோதுதான் சிக்கல் வந்தது. பெண்ணின் அப்பா வாசலில் நிற்க முடியுமா?

போன மாதக் கூட்டத்தின் முடிவில் அவர் எழுந்து சொன்னார்: "பொண்ணு கல்யாணமா இருந்தாலும் நான் வாசல்லதான் நிப்பேன்."

நாங்கள் கைதட்டினோம். நீண்ட நேரம் தட்டினோம். நானும் தட்டினேன். அவர் எதையோ எதிர்பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது இப்போது நினைவுக்கு வருகிறது.

அதன்பின் அவருடைய கைபேசி அணைந்தே கிடந்தது. எங்கள் செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர்தான் அண்ணன் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டார். மனைவிதான் எடுத்தார்.

"அவரு போயிட்டாருங்க."

"எப்பம்மா?"

"போன வியாழக்கெழம."

"எப்படிம்மா இது? நல்லாத்தானே இருந்தாரு?"

"எல்லாம் உங்க கூட்டத்தாலதான். இனிமே இங்க ஒருத்தரும் வர வேண்டாம்."

அழுகுரலில் இணைப்பு அறுந்தது. அவ்வளவுதான். தமிழில் ஒருவர் போய்விட்டார் என்றால் ஊருக்குப் போயிருக்கலாம், கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அழுதுகொண்டே சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான் என்று செயலாளர் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வேறு யாராக இருந்தாலும் துக்கம் கேட்கப் போயிருப்போம், உண்மை வாசலிலேயே தெரிந்திருக்கும். ஆனால் அண்ணன் தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்தவர். எனக்கு மாலை வேண்டாம், சடங்கு வேண்டாம் என்று மேடையிலேயே சொன்னவர். அதனால் போகாமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று பேசி முடிவெடுத்தோம். குழுவில் செய்தி போட்டோம். இந்த மாதம் தூக்கத்தைப் பற்றி நடக்கவிருந்த பேச்சை ரத்து செய்துவிட்டு இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தோம். எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கிற முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லை. எனக்கும் வரவில்லை.

இருட்டில் நான் வாசித்தேன்: "கொள்கைக்காகத் தன் ஒரே மகளின் திருமணத்தையே துறக்கத் துணிந்தவர்..."

"அது தப்பு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்குப் பழக்க தோஷம். "கேள்வி நேரம் கடைசியில இருக்குங்க" என்றேன்.

"கடைசி வரைக்கும் விட்டா என்னய மெடிக்கல் காலேஜுக்கே அனுப்பிருவீங்க போலிருக்கே, பட்டதாரி."

என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். காகிதம் கையிலிருந்து நழுவியது. யாரோ விளக்கைப் போட்டார்கள். முன்னால் திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலியில் அவரே, மூன்று வாரத் தாடியோடு, கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். படங்களை மாற்றிக்கொண்டிருந்த எங்கள் மன்றத்துத் தையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். செயலாளர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"இப்பவாவது சோதிச்சுப் பாக்கத் தோணுச்சே" என்றார் அண்ணன்.

"உங்க வீட்டுலதான் போயிட்டாருன்னு..."

"போனேன். வீட்ட விட்டு. நீங்கல்லாம் கை தட்டினத அவகிட்டச் சொன்னேன். கை தட்டினவங்க வீட்டுலயே போயி இருங்கன்னுட்டா."

"எங்க இருந்தீங்க இத்தன நாளா?"

"வேல செய்யற எடத்துல, சாமான் ரூம்ல. இன்னிக்கு தூக்கத்தப் பத்திப் பேச்சுன்னு சொன்னீங்களேன்னு வந்தேன். எனக்கு அது வர மாட்டேங்குது."

கைதட்டிய முப்பது வீடுகளில் ஒரு வீட்டுக் கதவையும் அவர் தட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாசித்ததில் எதைத் தப்பு என்றார் என்று கேட்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

வந்தது அவர் மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் தலைக்கவசத்தோடு, மூச்சிரைக்க நின்றாள். எங்கள் செய்தி யார் யார் கைக்கோ போய், கடைசியில் கூட வேலை செய்கிற பெண், உங்க அப்பாவுக்கு இரங்கல் கூட்டமாமே என்று அவளிடமே கேட்டிருக்கிறாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம்; விடுப்பும் மறுநாளிலிருந்துதான்.

திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இருக்கீங்களாப்பா?"

"இருக்கேம்மா."

"போன ஏன் எடுக்கல?"

"சார்ஜ் இல்லம்மா."

"மூணு வாரமாவா?"

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க யாராவது வீட்டுக்கு வந்து பாத்தீங்களா?"

"அம்மாதான் யாரும் வர வேண்டாம்னு..." என்று இழுத்தார் செயலாளர்.

"எங்கம்மா தெனமும்தான் அப்பாவ வீட்டுக்கு வராதீங்கன்னு சொல்லும். அவரு வராம இருந்தாரா, இந்தத் தடவ தவிர?"

செயலாளர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் அப்பாவின் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு. உள்ள வருவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா இப்பவே சொல்லிடுங்க. வழியெல்லாம் அழுதுட்டே வண்டி ஓட்டியாச்சு. இன்னொரு வாட்டி அழ எனக்குத் தெம்பில்ல."

அண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். போன மாதம் கைதட்டியபோது பார்த்த அதே பார்வை. அன்று அவர் கேட்டது கைதட்டலை அல்ல. போய் வாங்க அண்ணே, நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம் என்று யாராவது ஒருவர் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

தையல்காரம்மா எழுந்து நின்றார். "எங்களப் பாத்து என்ன அண்ணே கேக்குறீங்க? நாங்க உங்கள ஒரு தடவ கொன்னாச்சு. போயிட்டு வாங்க."

அவர் சாவிக்கொத்தை விரலால் உருட்டினார். மகளைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "கண்ண மூடச் சொன்னா மூட மாட்டேன்."

"தொறந்தே வச்சுக்கங்க. என்னப் பாக்கத்தானே வர்றீங்க."

இருவரும் எழுந்து போனார்கள். அந்தப் பெண் எங்களில் ஒருவரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட நாங்கள் என்ன செய்துவிட்டோம்?

"கூப்பிடலன்னாலும் இன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போயி அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் தையல்காரம்மா. "வீடு எங்க இருக்கு?"

செயலாளர் கைபேசியைத் துழாவினார். "நம்பர் இருக்கு."

"நம்பர் இருக்கு. வீடு?"

முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எட்டு வருஷம்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். மகள் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தாள். தன் தலைக்கவசத்தை அப்பாவின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "போடுங்கப்பா. இன்னிக்கு ஒரு சாவு போதும்."

"அக்கா, உங்க வீடு எங்கன்னு..." என்றேன் மூச்சு வாங்க.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்தத் தெருவுக்குப் பின்னாடி தெரு. நீங்க டீ குடிக்கற ஜன்னல்லேர்ந்து பாத்தா எங்க மாடி தெரியும்" என்றாள்.