கவுதாரிக்கு விட்ட மல்லாட்டை

கவுதாரிக்குப் பறக்கத் தெரியும். ஆனால் பறப்பதென்றால் அப்படியொரு சோம்பல். விரட்டினால் ஓடும். நெருக்கினால் இன்னும் கொஞ்சம் ஓடும். வேறு வழியே இல்லையென்றால்தான் சடசடவென்று எழும்பி, நாலு வரப்பு தாண்டி மறுபடி இறங்கிவிடும். கூடு என்று அது வைத்திருப்பதும் தரையில் பறித்த ஒரு குழியும் கொஞ்சம் காய்ந்த புல்லும்தான். அடைகாக்கும் பெட்டை, மிதித்துவிடப் போகிறோம் என்கிற வரைக்கும் அசையாது. மண்ணின் நிறம் என்பதால் கண்ணில் படாது. அதை நம்பித்தான் அதன் பிழைப்பே.

செஞ்சியிலிருந்து வல்லம் போகிற பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சைக் கொல்லை இருக்கிறது. சித்திரையில் மல்லாட்டை பிடுங்குவோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. போன வருஷம் பிடுங்கும்போது, கொல்லை நடுவில் ஒரு பெட்டை காலடியிலிருந்து எழும்பிப் போனது. செடிக்கு அடியில் முட்டைகள். பிடுங்க வந்திருந்த பெண் ஒருத்தி கையை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"யக்கா, முட்ட வச்சிக்குது. இன்னா பண்றது?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அத்த சுத்தி வுட்டுட்டு புடுங்குங்கம்மா. பாவம், பொரிச்சிட்டுப் போவட்டும்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். கட்டில் அளவுக்குச் செடியை விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கினார்கள். சாயங்காலம் பெட்டை திரும்பி வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில்தான் நாங்கள் செய்த காரியம் விளங்கியது. மொட்டைக் கொல்லையில் அந்த ஒரு திட்டு மட்டும் பச்சையாக நின்றது. கோட்டை மலை மேலிருந்து பார்த்தால்கூடத் தெரிந்திருக்கும். காக்கைக்குத் தெரியாதா, கீரிக்குத் தெரியாதா? முட்டைகள் உடைந்து கிடந்தன, எறும்பு மொய்த்திருந்தது. ஒளிந்து வாழ்கிற ஒன்றுக்குப் பந்தல் போட்டு விளம்பரம் செய்திருக்கிறோம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மிச்சச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை.

இந்த வருஷம் கூடு வேலி ஓரமாக இருந்தது. வந்தவர்கள் வழக்கம்போல் அதைச் சுற்றி மட்டும் விடப் பார்த்தார்கள். நான் குறுக்கே போய் அவரிடம் சொன்னேன்.

"வுட்டா வேலி ஓரம் மொத்தத்தியும் வுடணும். இல்லன்னா வுடவே வேணாம்."

வேலி முள்ளும் செடியும் ஒன்றாய் நின்றால், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எதற்கும் தெரியாது என்பது என் எண்ணம். ஆனால் நல்ல காய்ப்பு அந்தப் பக்கம்தான். அவர் செடிகளைப் பார்த்தார். மேற்கே கருத்திருந்த வானத்தைப் பார்த்தார். முற்றின மல்லாட்டை மழையில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

"சரி, கெடக்கட்டும்" என்றார்.

மழை அன்றைக்கே வந்தது. அடுத்தடுத்தும் பெய்தது. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் எங்கள் வீட்டு நாய் பின்னாலேயே வந்து கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு காலையில் பெட்டை வேலியடியில் குடுகுடுவென்று ஓடியது. பின்னாலேயே குஞ்சுகள். எண்ணுவதற்குள் முள்ளுக்குள் மறைந்துவிட்டன. பிறகுதான் போய்க் குழியைப் பார்த்தோம். ஓடுகள் மூடி திறந்த மாதிரி சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. பொரித்த முட்டை அப்படித்தான் இருக்கும். அவர் பக்கத்துச் செடியொன்றைப் பிடுங்கினார். காயெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. அடுத்ததைப் பிடுங்கினார், அதுவும் அப்படியே.

"மாட்டுக்குத்தான் ஆவும்" என்றார் சிரித்துக்கொண்டே. நஷ்டப்பட்டு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.