காய்ந்த கண்மாயின் படம்

கறுப்பு மையின் வாசனை எங்கே வந்தாலும் அதோடு பந்தல்குடிச் சாலையின் லாரிப் புழுதியும் சேர்ந்து வந்துவிடுகிறது எனக்கு. அந்தச் சாலையோரம் டீக்கடை வைத்திருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பாய்லர் சூட்டில் கன்றிய முகம். மை ஊறிய இடது கட்டைவிரல். பேனா முள்ளை அந்த நகத்தில்தான் துடைப்பார்.

கடைச் சுவரில் அவர் வரைந்த படம் கண்ணாடிக்குள் தொங்கியது. வற்றிய கண்மாய். வெடிப்புக்குள் வெடிப்பாகத் தாள் முழுக்க ஓடிய கோடுகள். பார்த்துக்கொண்டே நின்றால் கண்ணுக்கே தாகம் எடுக்கும். ஒருநாள் நான் அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அருப்புக்கோட்டையில் ஓட்டல் திறக்கப்போகிற ஒருவர் காரை நிறுத்தி இறங்கினார். அந்தப் படத்தை விலைக்குக் கேட்டு வந்த முதல் ஆள். கடைக்காரப் பெண் டீ ஆற்றுவதையே மறந்துவிட்டார்.

"நல்லாருக்கு தங்கச்சி. இந்த மூலையில கொஞ்சம் தண்ணியும் ரெண்டு தாமரையும் போட்டுக் குடு, எடுத்துக்கிறேன்."

"அங்கன தண்ணி இல்லையேண்ணே."

"பேனாவுல இருக்குல்ல? சாப்பிடுற எடத்துல காஞ்ச கம்மாய மாட்டுனா எவனுக்குச் சோறு எறங்கும்?"

"கம்மா காஞ்ச வருசமும் நாங்க சோறு தின்னுக்கிட்டுத்தாண்ணே இருந்தோம்."

கார் போய்விட்டது. கண்ணாடியில் அது கிளப்பிய புழுதியை முந்தானையால் துடைத்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பஸ் வந்து நின்றதும் கேட்டேவிட்டேன்.

"ரெண்டு தாமரைதானம்மா? போட்டிருந்தா டவுனே பாத்திருக்குமே."

"பஸ்ஸு கெளம்புது, ஏறுங்கண்ணே. கம்மாய்ல தண்ணி வரட்டும். வந்த அன்னைக்கு வரையிறேன்."