கதவைப் பார்த்து நிற்கும் மேசை

எல்னா ஸ்கௌவின் மேசையை நான் மூன்று முறை தூக்கியிருக்கிறேன். என் இடுப்பு இன்றைக்கும் அவளைத் திட்டுகிறது. ஹோர்சன்ஸ் நகரத்தில் அவளுக்கு நேர் கீழ் வீட்டில் நாற்பது வருஷம் குடியிருந்த பாவத்துக்கு அது கூலி.

தேக்கு மேசை, 1959-இல் வாங்கியது. உட்காருகிற பக்கம் ஆறு இழுப்பறை, எதிர்ப்பக்கம் புத்தகத் தட்டு. எதிரே வந்து நிற்பவன் பார்க்கவேண்டும் என்று பின்புறத்தையும் வழவழவென்று இழைத்திருப்பார்கள். அறை நடுவில் போடவேண்டிய சாமான் அது. விவரம் தெரியாதவர்கள் சுவரோரம் தள்ளிவிடுவார்கள்.

எல்னாவுக்கு விவரம் தெரிந்தது அவமானப்பட்டதால். வெண்ணெய் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அவள் குமாஸ்தா. பெண்கள் பதினொரு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்டச்சு செய்யவேண்டும். முதலாளிக்கு மட்டும் அறை நடுவில் இப்படி ஒரு மேசை. ஆண்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கப் போனவளை, அதன் முன்னால் இருபது நிமிஷம் நிற்கவைத்துப் பேப்பர் படித்தான். பிறகு, "திருமதி ஸ்கௌ, போய் வேலையப் பாருங்க" என்றான்.

அந்த வருஷமே அதே மாதிரி மேசையை வாங்கிக் கூடத்தின் நடுவில் போட்டாள். "இதென்ன மந்திரி வீடா?" என்று புருஷன் கேலி செய்தான். "இல்ல, என் வீடு" என்றாள். பெண்கள் சம்பளத்துக்காகச் சங்கம் போட்ட கடிதமெல்லாம் அந்த மேசையில் எழுதியதுதான். பதினான்கு வருஷம் எழுதினாள். சம்பளம் சமமான பிறகுதான் பேனாவை மூடினாள்.

எண்பத்தேழு வயதில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. முதியோர் இல்லத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். மகன் பிரெபென் மெல்ல ஆரம்பித்தான்.

"அம்மா, கோபன்ஹேகன்ல ஒரு வியாபாரி மேசையக் கேக்கிறாரு. ஜப்பானுக்குப் போகுமாம். அங்க தலைமேல வச்சுக் கொண்டாடுவாங்க."

"அப்ப என்னையும் சேத்து பார்சல் பண்ணு."

இல்லத்தின் பொறுப்பாளர் டோர்தே நல்ல பெண்தான், ஆனால் விதி என்றால் விதி. "கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிக்க எடம் வேணும் எல்னா. இல்லன்னா தூக்கி விடுற எங்க பொண்ணுங்க இடுப்பு போயிடும். சோபா, காபி மேசை, டிவி எல்லாம் வச்சா உங்க மேசைக்கு எடமில்ல."

"பொண்ணுங்க இடுப்பு முக்கியம். சோபாவ எடுத்துடுங்க."

"சோபா இல்லாமலா? வர்றவங்களுக்குக் காபி எங்க குடுப்பீங்க?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் அடுப்பில்லாத வீடுகூட இருக்கும், சோபாவும் காபி மேசையும் இல்லாத வீடு கிடையாது. எல்னா மசியவில்லை. சோபா பிரெபெனுக்குப் போயிற்று, டிவி எனக்கு. மேசையை நானும் அவனும் மூச்சிரைக்கத் தூக்கிப்போய்க் கதவைப் பார்த்துப் போட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை டோர்தே மேலிடத்துக் கடிதம் ஒன்றோடு வந்தாள். மேசையை இரண்டு வாரத்தில் அகற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். எல்னா படித்துவிட்டு இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீட்டினாள்.

"இதுல காரணம்னு கட்டில் எடத்தத்தான் எழுதியிருக்கு. அளந்து பாருங்க."

டோர்தே அளந்தாள். இரண்டு பக்கமும் விதி கேட்டதைவிட நாலு விரல் கூடவே இருந்தது. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"உக்காருங்க டோர்தே," என்று எல்னா எதிர் நாற்காலியைக் காட்டினாள். "என் மேசைக்கு முன்னாடி இதுவரைக்கும் யாரையும் நிக்க விட்டதில்ல. காபி ஊத்திக்குங்க. இப்பச் சொல்லுங்க, உங்க பொண்ணுங்களுக்குச் சம்பளம் ஒழுங்கா குடுக்கிறாங்களா?"

டோர்தே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எல்னா பேனாவைத் திறந்து, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தாள்.