மெட்ரோ தொறக்கட்டும்ப்பா!

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆகஸ்ட் மாசம், மாதா கோயில் திருவிழா சமயத்துல தூத்துக்குடியில எங்க வீட்டுல ஆரம்பிச்ச கதை இது. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். எழுதினா என் பவிசு வெளிய தெரிஞ்சிரும். தெரியட்டும்னுதான் எழுதுறேன்.

எங்கப்பா தோணியில தண்டலா இருந்தவரு. தோணின்னதும் குளத்துல விடுற படகுன்னு நெனைச்சிராதீங்க. மரத்துல கட்டின சரக்குக் கப்பல் அது. காய்கறி, சிமெண்டு, கருங்கல்னு ஏத்திக்கிட்டு தூத்துக்குடியில இருந்து மாலத்தீவு வரைக்கும் போகும். அதை நடத்திக்கிட்டுப் போறவருதான் தண்டல். முப்பது வருஷம் சுக்கானைப் பிடிச்ச கை அவருது. சாயங்காலம் கடற்கரையில நின்னாருன்னா, தூரத்துல ஒரு பொட்டு மாதிரி தெரியும்போதே இது இன்னாரு தோணின்னு சொல்லிருவாரு. நாங்க நம்பாம காத்துக்கிட்டு நிப்போம். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா அதேதான் வந்து நிக்கும்.

நான் கல்யாணம் ஆகி சென்னைக்கு வந்தவ. ஆபீசுக்குப் போக ரெண்டு பஸ்ஸு மாறணும். அந்த ரோட்டுலதான் மெட்ரோ ரயில் பாதையை எங்க பக்கம் நீட்டுறதுக்காகத் தோண்டிப் போட்டிருந்தாங்க. தெரு பூரா தகரத் தடுப்பு, தூசி, பள்ளம். ஆனா எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் அதுல ஒரு பெருமையும் இருந்துச்சு. ஸ்டேஷன் எங்க வாசல்ல இருந்து எண்ணி முந்நூறு அடி! லிஃப்ட்ல யாரைப் பார்த்தாலும் "எப்போ தொறக்கிறாங்களாம்?" இதே பேச்சுதான். பொங்கலுக்குன்னாங்க. அப்புறம் சித்திரைன்னாங்க. அப்புறம் தீபாவளின்னாங்க. நானும் ஒவ்வொரு தேதியையும் போன்ல அப்பாகிட்ட ஒப்பிப்பேன்.

அப்பாவுக்கு அந்த ரயில் மேல ஒரு தனிப் பைத்தியம் பிடிச்சிருந்துச்சு. காரணம், அதுல டிரைவர் கிடையாதுன்னு நான் சொல்லித் தொலைச்சதுதான்.

"தண்டல் இல்லாம வண்டி ஓடுதாக்கும்? என்னளா கத விடுத?"

"நெசமாதான்பா. முன்னாடி கண்ணாடிகிட்ட நாமளே ஒக்காந்து பார்த்துக்கிட்டுப் போகலாம்."

"அப்பம் சுக்கான் எங்கன இருக்கும்?"

சுக்கானே இல்லன்னதும் அப்படி ஒரு சிரிப்பு. முன் கண்ணாடிகிட்ட ஒரு தடவ ஒக்காந்து, அது எப்படித்தான் தானாப் போகுதுன்னு பார்த்துரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் வரும். சாப்ட்டியான்னுகூட கேக்க மாட்டாரு. எடுத்த எடுப்புல "தொறந்தாச்சா?"

திருவிழாவுக்கு ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு ஊளி மீன் குழம்பு. அம்மா குசினியில இருந்து வந்து, அப்பா தட்டுல மீனுக்கு முள்ளு எடுத்து எடுத்து வச்சாங்க. எங்கப்பா முள்ளு எடுக்கத் தெரியாத ஆளா? ஒரு முழு மீனைத் தின்னுட்டு எலும்புக்கூட்டை அப்படியே படம் வரைஞ்ச மாதிரி தட்டோரமா வைக்கிற மனுஷன். "என்னப்பா, வயசாக வயசாக செல்லம் கூடிப் போச்சோ?"ன்னு கேலி பண்ணேன். அப்பா சிரிச்சாரு. அம்மா சிரிக்கல.

மறுநாள் சாயங்காலம் கடற்கரையில நின்னோம். தூரத்துல ஒரு தோணி வந்துக்கிட்டிருந்துச்சு. பழைய ஞாபகத்துல, "அப்பா, அது யாரு தோணி?"ன்னேன்.

"நீ சொல்லு பாப்போம்."

நான் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னேன். "ம்... இருக்கும், இருக்கும்"னாரு. எனக்கு ஒரே சந்தோஷம், அப்பா விளையாடுறாருன்னு. திரும்பி வரும்போது சப்பரம் பாக்கிற கூட்டத்துல என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. மகளைப் பிரிஞ்சு இருக்காரு, பாசம்னு நெனைச்சேன். எனக்கு எல்லாமே என்னைப் பத்தினதாத்தான் தெரிஞ்சிருக்கு, பாருங்க.

அன்னைக்கு ராத்திரியே எனக்கு ரயில். ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. அம்மா மக்ரூன் டப்பாவை என் பையில திணிச்சுக்கிட்டிருந்தாங்க. அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டு, ஏதோ சில்லறை கேக்கிற மாதிரி சாதாரணமாக் கேட்டாரு.

"ஏளா, நானும் அம்மையும் அங்கன வந்து ஒரு ரெண்டு மாசம் இருக்கட்டுமா?"

அப்பா சென்னையில மூணு நாளைக்கு மேல தங்கினதே கிடையாது. "உங்க ஊருல காத்தே இல்லளா"ன்னு நாலாவது நாள் பெட்டியைக் கட்டிருவாரு. அவரு ரெண்டு மாசம்ங்கிறாரு. எனக்கு அங்கேயே சுருக்குன்னு பட்டிருக்கணும். படலையே!

"இப்பமாப்பா? வாசல் பூரா பள்ளம். ஒரு ஆட்டோகூட உள்ள வராது. தூசியில உங்களுக்கு இருமல் வந்துரும். மெட்ரோ தொறக்கட்டும்ப்பா. தொறந்ததும் ராஜா மாதிரி வந்து இருங்க."

அம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. அப்பா அவங்க கையை அழுத்தினாரு. "வண்டி கெளம்பப் போவுது. அவ சொல்லுததும் சரிதான். தொறக்கட்டும்"னுட்டாரு.

உண்மையைச் சொல்லிடுறேன். பள்ளமும் இருந்துச்சு, தூசியும் இருந்துச்சு. ஆனா நான் சொன்னதுக்குக் காரணம் அது இல்ல. எங்களது ரெண்டு ரூம் வீடு. ஒரு ரூம்ல மாமியார். ஆபீஸ் விட்டு வந்து கூட ரெண்டு பேருக்கு ஆக்கி அரிச்சுப் போடணுமேன்னு எனக்கு மலைப்பா இருந்துச்சு. மெட்ரோ எனக்கு ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சொந்தக்காரங்க வரட்டுமான்னு கேட்டாலும் அதே பல்லவிதான், மெட்ரோ தொறக்கட்டும். அப்பாகிட்டயும் அதையே எடுத்துவிட்டேன்.

அதுக்கப்புறம் அவரு வரட்டுமான்னு கேக்கவே இல்ல. "தொறந்தாச்சா?" மட்டும்தான். ஒரு தடவ, "அந்த ரயிலு எங்கெல்லாம் போவும்? ஆஸ்பத்திரிப் பக்கம் போவுமா?"ன்னு கேட்டாரு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டே, "கோயிலு, பீச்சு, ஆஸ்பத்திரி, எல்லாப் பக்கமும் போவும்பா"ன்னு அளந்துவிட்டேன். "அப்பம் உனக்கு அலைச்சல் இல்ல"ன்னாரு. எதுக்கு அலைச்சல், யாருக்கு ஆஸ்பத்திரின்னு ஒரு கேள்வி எனக்கு வரல. குக்கரை அடுப்புல ஏத்திட்டு போனை வச்சிட்டேன்.

தீபாவளியும் போச்சு. பொங்கலும் போச்சு. ஒருவழியா அடுத்த திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால திறந்தாங்க. எங்க அபார்ட்மெண்டே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. நான் அன்னைக்கே அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாத்துறேன்னு எனக்கு ஒரே பெருமை வேற.

எழும்பூர்ல வந்து எறங்கினாங்க. அம்மா, அப்பா கையைக் கோத்துப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மெல்ல இறக்கி விட்டாங்க. நான் கம்முனு இருந்தேனா? "என்னம்மா, இந்த வயசுல கை கோத்துக்கிட்டு வாரீங்க, புது ஜோடி கெட்டுது போங்க"ன்னு பிளாட்பாரத்துல நின்னு கத்துறேன். அந்த வார்த்தையை நெனைச்சா இப்பவும் நாக்கைக் கடிச்சுக்கிறேன்.

அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை. அப்பா வெள்ளைச் சட்டை, சலவை வேட்டி. அம்மா நல்ல பட்டுச் சேலை. ரயில்ல முதல் பெட்டி. முன் கண்ணாடிகிட்ட ரெண்டு காலேஜ் பசங்க ஒக்காந்திருந்தாங்க. "தம்பி, எங்கப்பா கப்பல்காரரு, இதுக்குன்னே தூத்துக்குடியில இருந்து வந்திருக்காரு"ன்னேன். பாவம், நல்ல புள்ளைங்க, ஒடனே எந்திரிச்சுக்கிட்டாங்க. அப்பா சீட்டைக் கையால தடவிப் பார்த்துட்டு ஒக்காந்தாரு. ரெண்டு கையையும் முன்னால நீட்டி வச்சுக்கிட்டாரு, சுக்கான் இருக்கிற மாதிரி.

வண்டி மேம்பாலத்து மேல போச்சு. நான் ஒரு கைடு மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன். அப்பா, ஏரி தெரியுதா? "தெரியுதுல்லா." அந்த மலை? "தெரியாம என்ன?" கோயில் கோபுரம்? "எந்தப் பக்கம்னு நீ சொல்லு பாப்போம்." நான் சொல்லச் சொல்ல அவரு தலையை ஆட்டிக்கிட்டு வந்தாரு. எனக்கு வானத்துல பறக்கிற மாதிரி இருந்துச்சு.

கொஞ்ச தூரத்துல பாதை கீழ எறங்கி சுரங்கத்துக்குள்ள போச்சு. முன்னால கும்மிருட்டு. பெட்டிக்குள்ள லைட்டு எரிஞ்சதால முன் கண்ணாடியில எங்க மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம சும்மா இருந்தேன். அப்பா மட்டும் நிறுத்தல.

"எம்புட்டு விஸ்தாரமாக் கெடக்குளா உங்க ஊரு! வானத்தப் பாரு, ஒரு பொட்டு மேகம் இல்ல. எல்லாம் நல்லாத் தெரியுது."

பின்னால நின்ன பசங்க களுக்குன்னு சிரிச்சாங்க. பக்கத்துல நின்ன ஒரு அம்மா, நல்ல மனசோடதான், "ஐயா, நாம சுரங்கத்துக்குள்ள வந்து ரொம்ப நேரமாச்சு"ன்னாங்க.

அப்பா பேச்சை நிறுத்தினாரு. "ஆமாமா... தெரியுது, தெரியுது"ன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே, நீட்டி வச்சிருந்த கையை மடக்கி அம்மா கையைத் தேடினாரு. அம்மா ஒரு பக்கம் நிக்கிறாங்க, அவரு இன்னொரு பக்கம் துழாவுறாரு. நான் கண்ணாடியில அவரு கண்ணைப் பார்த்தேன். அது எதையும் பார்க்கல.

ஒரு நிமிஷத்துல மீன் முள்ளு, தோணி, கூட்டத்துல இறுக்கிப் பிடிச்ச கை, எழும்பூர்ல கோத்த கை, எல்லாம் வரிசையா வந்து நிக்குது.

அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ஒரு பெஞ்சுல ஒக்காந்தோம். அம்மாதான் அழுதுக்கிட்டே சொன்னாங்க. கண்ணுல அழுத்தம் கூடிப் போச்சாம். ஓரத்துல இருந்து பார்வை கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சாம். போன திருவிழாவுக்கு முன்னாலயே ஊர் டாக்டர் ஆபரேஷன் பண்ணிரணும்னு சொல்லிட்டாராம். திருநெல்வேலியிலேயே பண்ணிக்கலாம்னு அம்மா கெஞ்சியிருக்காங்க. அப்பா ஒத்துக்கல. எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரி கத்தின்னா அப்படி ஒரு பயம்.

"கண்ணுல கத்தி வைக்கும்போது எம் மவ வாசல்ல நிக்கணும்னாரு. உனக்கு லீவு கெடைக்காதுன்னுதான் மெட்ராஸ்லயே பண்ணிக்கிடுவோம்னாரு. அன்னைக்கு ஸ்டேஷன்ல கேட்டதும் அதுக்குத்தான்ளா. நீ மெட்ரோ தொறக்கட்டும்னுட்ட. நான் சொல்லிருதேன்னேன், கேக்கல. தொறந்துட்டா புள்ளைக்கு அலைச்சல் இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போயி வந்துரலாம்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்த ஓட்டிட்டாரு. உங்கிட்ட மூச்சு விடப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற."

நான் அப்பாவுக்கு ரயில் பைத்தியம்னு நெனைச்சேன். அவரு பார்வை போறதுக்குள்ள அந்த ரயில் வந்துருமான்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு.

மறுநாளே லீவு சொல்லிட்டு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அதே மெட்ரோவுலதான். அலைச்சலே இல்ல. இருபது நிமிஷம். டெஸ்டெல்லாம் முடிஞ்சு டாக்டரம்மா சொன்னாங்க, போன பார்வை போனதுதான், திரும்ப வராது. வெளிச்சம் இருட்டுன்னு தெரியுற அந்தக் கொஞ்சத்தையாவது காப்பாத்தலாமான்னு பார்ப்போம். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா ஆள் அடையாளம் தெரியிற அளவுக்காவது நிறுத்தியிருக்கலாம்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, கொஞ்சம் கோபமாவே, "ஏன்மா இவ்வளவு லேட் பண்ணீங்க?"ன்னு கேட்டாங்க.

அப்பா முந்திக்கிட்டாரு.

"மெட்ரோ தொறக்கல டாக்டர்."

டாக்டரம்மா ஜோக்குன்னு நெனைச்சு சிரிச்சிட்டாங்க. அப்பாவும் கூடவே சிரிச்சாரு. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அந்தச் சிரிப்பு. நான் பாத்ரூமுக்குப் போயி குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளிய கேக்காம அழுதேன்.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் எங்க வீட்டுலதான் இருந்தாங்க. ஆக்கிப் போட எனக்கு ஒண்ணும் மலைப்பா இல்ல. மாமியாரே அவருக்கு வேளா வேளைக்கு சொட்டு மருந்து விட்டாங்க. நான் பயந்த எதுவும் நடக்கல. கடைசியில அப்பாதான், வீட்டுச் சுவரு எனக்குப் பழக்கம், கடல் சத்தமும் கேக்கும்னு சொல்லி ஊருக்குக் கெளம்பிட்டாரு. நான் இப்போ மாசம் ஒரு தடவ போறேன். சாயங்காலம் கடற்கரையில நின்னா, "யாரு தோணி வருது, நீ சொல்லு பாப்போம்"ங்கிறாரு. கொடியோட நிறம், பாய்மரத்தோட சாய்வு எல்லாம் நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவரு பேரைச் சொல்லிருவாரு. இப்பவும் தப்புறதில்ல.

தினமும் ஆபீசுக்கு அந்த மெட்ரோவுலதான் போறேன். முன் கண்ணாடிகிட்ட இடம் காலியா இருந்தாலும் நான் போய் ஒக்கார்றதில்ல. சத்தம் போட்டு ஒரு வார்த்தை அப்பா என்னைத் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். எதையுமே எங்கிட்ட கேக்காத அப்பா அன்னைக்கு ஒரே ஒரு தடவ கேட்டாரு, நான் பதில் சொல்ல அவசரப்படாம, "எதுக்குப்பா?"ன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா, இன்னைக்கு அவருக்கு என் மூஞ்சியாவது தெரிஞ்சிருக்கும்.